காந்தமும் மண்ணெண்ணெயும்: ஓர் எஞ்சினால் எவ்வளவு முடியும்?

ஸ்கீவவில் வசிக்கும் நண்பர் ஒருவர் அண்மையில் ஒரு சிறிய காந்தத்தைக் கொண்டுவந்து காட்டினார். பெற்றோல் குழாயில் பூட்டினால் எரிபொருளில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சமாகுமாம். காசு கொடுத்து வாங்கியும் விட்டார். பெற்றோல் காந்தத்துக்கு இசையும் பொருளல்ல, அதன் சக்தியைக் காந்தத்தால் கூட்ட முடியாது என்றேன். “ஊரிலை மண்ணெண்ணெயிலை கார் ஓட்டின சனமடா நாங்கள். அதையும் முடியாதெண்டுதானே சொன்னவை” என்றார்.

இக்கேள்வியைச் சிரித்துவிட்டுக் கடந்துவிட முடியாது. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையினால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் அரும்பொருளானது. பெற்றோலில் தொடக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் முறை தோட்டத்து இறைப்பு மெஷினில் எமக்கு ஏற்கெனவே பழக்கமானது. எமது மெக்கானிக்குகள் அதையே கார்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் கொண்டுவந்தார்கள். காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்வார்கள், பிறகு மண்ணெண்ணெய். பழைய ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் புகை கக்கியபடி ஓடின. ஆனால் அந்தத் திறமை இயற்கையின் எந்த விதியையும் மீறியதா?

1824 இல் சாடி கார்னோ என்ற இளம் பிரெஞ்சுப் பொறியியலாளர் வெளியிட்ட சிறு நூலிலிருந்து இதற்கு விடை தேடலாம். வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குப் போகும்போதுதான் அதிலிருந்து வேலை பெறலாம். தொட்டித் தண்ணீர் வாய்க்காலுக்கு இறங்கும்போது வேலை செய்வதைப் போன்றது இது. தொட்டிக்கும் வாய்க்காலுக்கும் உள்ள உயரவித்தியாசத்துக்கு மேல் எதுவும் கிடைக்காது. எரியும் வாயு 2,300 கெல்வினிலும் வெளிக்காற்று 290 கெல்வினிலும் இருந்தால், எந்தக் குறையுமற்ற எஞ்சின்கூட 87 சதவீதத்தையே வேலையாக்கும். மீதியை வெளியே விட்டே ஆகவேண்டும்.

நமது கார் அந்த இலட்சிய எஞ்சினுமல்ல. பெற்றோல் எஞ்சினின் எல்லையை நிர்ணயிப்பது நெருக்கல் விகிதம்: பிஸ்ரன் மேலேறும்போது கலவை எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்பது. விகிதம் 7 ஆனால் கணக்கின்படி உச்சவினைத்திறன் 54 சதவீதம்; 10 ஆனால் 60. உராய்வு, சுவர்வழி வெப்ப இழப்பு எல்லாம் போக நடைமுறையில் கிடைப்பது அதன் பாதியளவுதான். மிகுதி றேடியேற்றர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் போய்விடுகிறது.

அப்படியானால் விகிதத்தைக் கூட்டிக்கொண்டே போகலாமே? முடியாது. கூடுதலாக நெருக்கினால் கலவை கூடுதலாகச் சூடேறி, சுடர் வந்து சேருமுன்னரே தானாக வெடிக்கும். எஞ்சின் ‘தட்டும்’. மண்ணெண்ணெய் பெற்றோலைவிட வெகு சுலபமாக இப்படித் தட்டும். நெருக்கல் குறைந்த பழைய கார்களே அன்று ஈடுகொடுத்ததற்குக் காரணம் இதுதான். நன்றாக ஆவியாகாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரின் எண்ணெயைக் கழுவிவிடும். எஞ்சின் விரைவில் தேயும். எமது மெக்கானிக்குகள் விதியை வெல்லவில்லை. அதற்குரிய விலையைக் கொடுத்து, வேண்டிய பயணத்தை வாங்கினார்கள்.

றுடோல்ப் டீசல் வேறு வழியை எடுத்தார். காற்றை மட்டும் கடுமையாக நெருக்கி, பிறகு எரிபொருளை விட்டால் முன்கூட்டியே வெடிக்க எதுவும் இராது. 1897 இல் அவரது எஞ்சின் 26 சதவீத வினைத்திறனைக் காட்டியது; அக்கால நீராவி எஞ்சின்களுக்கு இது எட்டாத உயரம். அடுத்த ஆண்டே கொப்பன்ஹேகனின் பேர்மைஸ்ரர் அன்ட் வெய்ன் அதன் உரிமையை வாங்கியது. 1912 இல் அவர்கள் கட்டிய ‘செலண்டியா’ டீசலில் சமுத்திரம் கடந்து பாங்கொக் போனது. இன்றைய பெரிய கப்பல் டீசல்கள் 50 சதவீதத்தைத் தொட்டுவிட்டன. கார்களில் மிகச் சிறந்த பெற்றோல் எஞ்சின்கள் 40 சதவீதம் அளவுக்கு வந்துள்ளன. ஒவ்வொரு சதவீதமும் உராய்வைக் குறைத்தும் எரிதலை ஒழுங்காக்கியும் வாயுவை நன்கு விரியவிட்டும் கிடைத்தது. காந்தத்தால் அல்ல.

இன்னுமொரு வழி எமது ஸ்கீவவிலேயே இருக்கிறது. 2000களின் பிற்பகுதியில் இங்குள்ள வெப்ப விநியோக நிலையம் மரத்தை எரிவாயுவாக்கி மூன்று எஞ்சின்களை ஓட்டும் ஏற்பாட்டை அமைத்தது. அதில் மின்சாரம் சுமார் 6 மெகாவாற். வெப்பம் அதன் இரு மடங்கு அளவு. மின்சாரமாவது மரத்தின் சக்தியில் மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைவு. ஆனால் எஞ்சின் வெளியேவிடும் வெப்பம் சுடுநீராகக் குழாய்களில் ஓடி வீடுகளைச் சூடாக்கும்போது, பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் பயன்படுகிறது. கார்னோவை யாரும் ஏமாற்றவில்லை. கட்டாயம் கைவிடவேண்டிய வெப்பத்தை, அது தேவைப்படும் வீட்டுவாசலில் கைவிட்டார்கள், அவ்வளவுதான்.

எல்லை ஒன்று இருப்பதை ஒப்புக்கொள்வது முயற்சியைக் கைவிடுவதாகாது. எங்கே முயலவேண்டும், யாருக்குக் காசு கொடுக்கக்கூடாது என்று அதுதான் சொல்லித்தருகிறது. இதை அன்று நண்பரிடம் முழுதாகச் சொல்ல முடியவில்லை. அவர் காந்தத்தைப் பூட்டிக்கொண்டே போனார். எத்தனை கிலோமீற்றருக்கு எத்தனை லீற்றர் என்று மூன்று மாதம் எழுதிவைக்கும்படி மட்டும் கேட்டிருக்கிறேன்.