கடன்பற்று அட்டை இல்லாமலும் மைல் சேரும்: குடும்பத்தோடு ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு

பினாங்கு: தீபாவளிப் பலகாரம் தீர்வதற்குள் நம் வீடுகளில் ஒரு பேச்சு தொடங்கிவிடும். "இந்த டிசம்பர் ஊருக்குப் போயிட்டு வரலாமா?" பாட்டியைப் பழனிக்கு ஒரு தடவை கூட்டிப் போக வேண்டும், தாத்தா பிறந்த ஊரைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். ஐந்து பேருக்கு விமான டிக்கெட் எவ்வளவு என்று கைப்பேசியில் தட்டிப் பார்த்ததும் பேச்சு அப்படியே நின்றுபோகும்.

அந்த நேரத்தில் வேலையிடத்து நண்பர் ஒருவர் சொல்வார்: "ஒரு கிரெடிட் கார்டு எடு. மைல் சேரும். டிக்கெட் சும்மாவே கிடைக்கும்." வீட்டில் அப்பா சொல்வார்: "கார்டு மட்டும் வேண்டாம். தோட்டத்துக் கடையில் கணக்குப் புத்தகத்தில் எழுதி வாங்கியே பாதிச் சம்பளம் போனது போதும்."

இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. மைல் என்பது உண்மையிலேயே கிடைக்கக்கூடிய பலன்தான். ஆனால் அதற்குக் கடன்பற்று அட்டை கட்டாயம் என்பது தவறு. விவரமாகப் பார்ப்போம்.

கப்பல் போய் விமானம் வந்தது

நம் பெரியவர்கள் பலர் பினாங்குத் துறைமுகத்தில் இறங்கியவர்கள். 1926இல் கட்டப்பட்ட 'ரஜுலா' கப்பலும், அதற்குப் பின் 'சிதம்பரம்' கப்பலும் நாகப்பட்டினத்தையும் சென்னையையும் பினாங்கோடு இணைத்தன. 1985 பிப்ரவரியில் 'சிதம்பரம்' தீப்பிடித்ததோடு அந்தக் கப்பல் பயணம் முடிவுக்கு வந்தது. அதன் பிறகு ஊருக்குப் போக வேண்டுமென்றால் விமானம்தான்.

நெடுங்காலம் நம்மில் பெரும்பாலோர் கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ போய்த்தான் விமானம் மாறினோம். 2024 டிசம்பர் 21இல் இண்டிகோ நிறுவனம் பினாங்கு - சென்னை நேரடிச் சேவையைத் தொடங்கியது. வழிகள் கூடியிருக்கின்றன. அதனால் எந்த விமானத்தில் போனால் என்ன கிடைக்கும் என்று தெரிந்துகொள்வது முன்பைவிட இப்போது பயன் தரும்.

மைல் என்றால் என்ன?

விமான நிறுவனம் தன்னிடம் திரும்பத் திரும்ப வரும் பயணிக்குத் தரும் வெகுமதிப் புள்ளிதான் மைல். 1981இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தொடங்கிய திட்டம் பிறகு உலகமெங்கும் பரவியது. மலேசியா ஏர்லைன்சின் திட்டத்துக்கு 'என்ரிச்' என்று பெயர். சிங்கப்பூர் ஏர்லைன்சின் திட்டம் 'கிரிஸ்ஃபிளையர்'. ஏர் ஏசியாவும் தனியாகப் புள்ளிகள் தருகிறது.

பெயர் மைல் என்றாலும், பறந்த தூரத்துக்கு ஏற்பத்தான் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். சில திட்டங்கள் கட்டிய பணத்தை வைத்துக் கணக்கிடும். சில திட்டங்கள் தூரத்தையும் டிக்கெட் வகையையும் பார்க்கும். ஆக மலிவான சலுகை டிக்கெட்டுக்குப் புள்ளி குறைவாகவே சேரும். சிலவற்றுக்கு எதுவுமே சேராது.

அட்டை இல்லாமல் சேர்ப்பது எப்படி?

முதலில், குடும்பத்தில் ஒவ்வொருவர் பெயரிலும் உறுப்பினராகப் பதியுங்கள். இதற்குக் கட்டணம் இல்லை. சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு எதையும் கேட்க மாட்டார்கள். பணம் கட்டியவர் அப்பாவாக இருந்தாலும் புள்ளி அவரவர் இருக்கைக்குத்தான் சேரும். அப்பா மட்டும் பதிந்திருந்தால் மற்ற நால்வரின் புள்ளியும் யாருக்கும் போகாது.

இரண்டாவது, பெயரைக் கவனியுங்கள். நம்மவர்களுக்கு வரும் சிக்கல் இதில்தான் அதிகம். கடப்பிதழில் 'ஏ/எல்', 'ஏ/பி' என்று இருக்கும். டிக்கெட்டில் அந்தச் சாய்கோடு வராது. எது முதல் பெயர், எது குடும்பப் பெயர் என்பதிலும் குழப்பம் ஏற்படும். உறுப்பினர் கணக்கில் ஒரு மாதிரியும் டிக்கெட்டில் வேறு மாதிரியும் பெயர் இருந்தால் புள்ளி சேராமல் போகலாம். இரண்டிலும் ஒரே மாதிரி எழுதுங்கள்.

மூன்றாவது, உறுப்பினர் எண்ணை டிக்கெட் எடுக்கும்போதே கொடுங்கள். பயண முகவர் வழியாக எடுத்தாலும் கேட்டுச் சேர்க்கச் சொல்லலாம். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டில் நான்கு பேர் திருச்சிக்குப் போய் வந்தோம். எண் கொடுக்க வேண்டும் என்பது எங்களுக்கும் தோன்றவில்லை, முகவரும் சொல்லவில்லை. பிறகு விவரம் தெரிந்து கேட்கலாம் என்று பார்த்தபோது காலக்கெடு முடிந்திருந்தது, விமான நுழைவு அட்டைகளையும் எறிந்திருந்தோம். பயணத்துக்குப் பின்னால் புள்ளி கேட்டு விண்ணப்பிக்கும் வசதி பொதுவாக உண்டு. ஆனால் சில மாதங்களுக்குள் கேட்க வேண்டும். அதுவரை நுழைவு அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள்.

நான்காவது, ஒரே இடத்தில் சேருங்கள். மலேசியா ஏர்லைன்ஸ் 2013 முதல் 'ஒன்வேர்ல்டு' கூட்டணியில் இருக்கிறது. ஸ்ரீலங்கன் ஏர்லைன்சும் அதே கூட்டணிதான். எனவே கொழும்பு வழியாக மதுரைக்கோ திருச்சிக்கோ போகிறவர்கள் அந்தப் பயணத்தின் புள்ளியை என்ரிச் கணக்கிலேயே கேட்கலாம். சிங்கப்பூர் ஏர்லைன்சும் ஏர் இந்தியாவும் 'ஸ்டார் அலையன்ஸ்' கூட்டணி. ஏர் ஏசியா, இண்டிகோ, பாத்தேக் ஏர் ஆகியவை இந்த இரு கூட்டணிகளிலும் இல்லை. நாலு கணக்கில் நானூறு நானூறாகச் சிதறிக் கிடந்தால் எதற்கும் உதவாது.

ஐந்தாவது, காலாவதித் தேதியைப் பாருங்கள். கிரிஸ்ஃபிளையர் மைல் மூன்று ஆண்டுகளில் காலாவதியாகும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை மட்டும் பறக்கும் குடும்பத்துக்கு இது முக்கியம். இன்னொரு வசதியும் அதில் உண்டு: ஒருவர் தம் மைலைக் கொண்டு டிக்கெட் எடுத்துத் தர ஐந்து பேர் வரை நியமிக்கலாம். மகன் சேர்த்த மைலில் அம்மா பயணம் செய்யலாம்.

'இலவச' டிக்கெட் முழுக்க இலவசமா?

இல்லை. புள்ளி கொடுத்து எடுத்த டிக்கெட்டுக்கும் விமான நிலையக் கட்டணமும் வரியும் கட்டியாக வேண்டும். 2019 செப்டம்பரிலிருந்து நடப்பில் இருக்கும் வெளியேறும் வரி, ஆசியானுக்கு வெளியே எகானமி வகுப்பில் போகிறவருக்கு 20 வெள்ளி. ஐந்து பேருக்கு அதுவே 100 வெள்ளி. பள்ளி விடுமுறை, பொங்கல் போன்ற நாட்களில் புள்ளிக்கு ஒதுக்கும் இருக்கைகளும் எளிதில் கிடைப்பதில்லை.

ஒரு புள்ளியின் மதிப்பை நீங்களே கண்டுபிடிக்கலாம். டிக்கெட் விலையிலிருந்து வரியைக் கழியுங்கள். மீதியை, அந்த டிக்கெட்டுக்குக் கேட்கும் புள்ளிகளால் வகுங்கள். உதாரணத்துக்கு, 400 வெள்ளிக்கு 20,000 புள்ளி கேட்டால் ஒரு புள்ளி 2 சென்.

இந்தக் கணக்கு தெரிந்தால் இன்னொரு தவறையும் தவிர்க்கலாம். புள்ளி வேண்டும் என்பதற்காக ஆளுக்கு 200 வெள்ளி அதிகம் கொடுத்து வேறு விமானத்தில் போனால், ஐந்து பேருக்கு 1,000 வெள்ளி கூடுதல் செலவு. கிடைக்கும் புள்ளி அந்த அளவு பெறாது. புள்ளியே தராத விமானம் மலிவாக இருந்தால் அதில் போவதுதான் லாபம்.

அட்டையின் கணக்கு

இப்போது அப்பாவின் பயத்துக்கு வருவோம். பேங்க் நெகாரா விதிப்படி, கடன்பற்று அட்டை எடுக்க ஆண்டு வருமானம் குறைந்தது 24,000 வெள்ளி இருக்க வேண்டும். 36,000 வெள்ளியும் அதற்குக் கீழும் சம்பாதிப்பவர் இரண்டு நிறுவனங்களின் அட்டைகளை மட்டுமே வைத்திருக்கலாம். ஒவ்வொரு நிறுவனமும் அவருடைய மாத வருமானத்தின் இரு மடங்குக்கு மேல் கடன் வரம்பு தரக்கூடாது. அட்டை ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 25 வெள்ளி சேவை வரி உண்டு. மனைவிக்கோ பிள்ளைக்கோ எடுக்கும் துணை அட்டைக்கும் தனியாக 25 வெள்ளி.

வட்டியைப் பாருங்கள். ஓர் ஆண்டு முழுக்கத் தவறாமல் கட்டி வந்தவருக்கு ஆண்டுக்கு 15 விழுக்காடு, பத்து மாதமாவது ஒழுங்காகக் கட்டியவருக்கு 17, மற்றவர்களுக்கு 18 விழுக்காடு வரை.

ஒரு குடும்பம் 5,000 வெள்ளிக்கு அட்டையில் டிக்கெட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2 வெள்ளிக்கு 1 புள்ளி என்றால் 2,500 புள்ளி. ஒரு புள்ளி 2 சென் என்றால் அதன் மதிப்பு 50 வெள்ளி.

அந்த 5,000 வெள்ளியை முழுதாகக் கட்டாமல், குறைந்தபட்சத் தொகையான 5 விழுக்காட்டை, அதாவது 250 வெள்ளியை மட்டும் கட்டினால் என்ன ஆகும்? 18 விழுக்காட்டில் ஒரு மாத வட்டியே 75 வெள்ளி. கட்டிய 250இல் 175 மட்டும்தான் கடனைக் குறைக்கும். கெடு தேதியைத் தவறவிட்டால் தாமதக் கட்டணம் நிலுவையில் 1 விழுக்காடு. இங்கே அது 50 வெள்ளி. சேர்ந்த புள்ளியின் மொத்த மதிப்பும் ஒரே ஒரு தாமதத்தில் போய்விடுகிறது.

ஊரில் கைச்செலவுக்கு அட்டையைப் போட்டு ரொக்கம் எடுப்பது இன்னும் மோசம். பெரும்பாலும் 5 விழுக்காடு கட்டணம் பிடிப்பார்கள். வட்டி எடுத்த நாளிலிருந்தே ஓடும்.

யாருக்கு அட்டை பொருந்தும்?

மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். மாதாமாதம் முழுத் தொகையையும் கெடு தேதிக்குள் கட்ட முடியுமா? அட்டை இல்லாவிட்டாலும் இதே செலவைத்தான் செய்வேனா? மூன்று மாதம் வேலை இல்லாமல் போனாலும் நிலுவையை அடைக்கச் சேமிப்பு இருக்கிறதா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் அட்டையின் புள்ளி உங்களுக்குக் கூடுதல் பலன். ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் டெபிட் கார்டோடு இருப்பதே நல்லது. அதில் யாரும் உங்களைக் குறைவாக நினைக்கப் போவதில்லை.

ஏற்கெனவே அட்டைக் கடனில் சிக்கியிருப்பவர்கள் ஆலோங்கிடம் ஓட வேண்டாம். பேங்க் நெகாரா 2006இல் அமைத்த ஏகேபிகே நிறுவனம், கட்டணம் இல்லாமல் ஆலோசனை தருகிறது. கடனைத் திருப்பிக் கட்டும் திட்டத்தையும் வகுத்துக் கொடுக்கிறது.

"உங்கள் மைல் இன்று காலாவதியாகிறது, இந்த இணைப்பை அழுத்துங்கள்" என்று குறுஞ்செய்தி வந்தால் அழுத்தாதீர்கள். விமான நிறுவனத்தின் செயலியை நீங்களே திறந்து பாருங்கள். ஏமாந்து பணம் போய்விட்டால் உடனே 997 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

கடைசியாக ஒன்று

இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை ஊருக்குப் போகும் குடும்பத்துக்கு மைலால் மட்டும் ஐந்து டிக்கெட் கிடைத்துவிடாது. ஒரு டிக்கெட்டின் விலையில் ஒரு பகுதி குறையலாம், அல்லது கோலாலம்பூருக்கு ஒரு நடை போய் வர உதவலாம். சும்மா வருவதை விட வேண்டியதில்லை. அதற்காகக் கடன் வாங்கவும் வேண்டியதில்லை.

பாட்டியைப் பழனிக்குக் கூட்டிப் போகப் போவது மாதச் சேமிப்புத்தான். மாதம் 200 வெள்ளி தனியாக எடுத்து வைத்தால் இரண்டு ஆண்டில் 4,800 வெள்ளி. வட்டியும் இல்லை, கெடு தேதியும் இல்லை. அந்தப் பணத்தில் டிக்கெட் எடுக்கும் நாளில் ஐந்து பேரின் உறுப்பினர் எண்களையும் மறக்காமல் கொடுத்துவிடுங்கள். பாட்டியின் எண்ணையும் சேர்த்து.