ஹாலிஃபாக்ஸ்: வலை திறந்த காலை

முதல் உலகப் போரின்போது கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் நுழையாதிருக்க நீருக்கடியில் இரும்பு வலைகள் கட்டியிருந்தார்கள். பொழுது சாய்ந்ததும் அவற்றின் வாசலை மூடிவிட்டால் மறுநாள் காலையில்தான் திறப்பார்கள். நியாயமான பாதுகாப்பு ஏற்பாடுதான். ஆனால் அது முந்தைய மாலை கிளம்பவேண்டிய கப்பலையும் உள்ளே வரவேண்டிய கப்பலையும் ஒரே காலைப் பொழுதில் ஒரே குறுகிய நீர்வழிக்குள் தள்ளியது.

1917 டிசம்பர் 5 அன்று அப்படித்தான் ஆனது. பெல்ஜிய மக்களுக்கான நிவாரணப் பொருள் ஏற்ற நியூயார்க் போகவேண்டிய நார்வேக் கப்பல் ஈமோ, நிலக்கரி தாமதமாக வந்ததால் உள்ளேயே தங்கியது. பிரெஞ்சுக் கப்பல் மான்-பிளாங் வெளியே நின்றது. அதில் 2,000 டன்னுக்கும் மேல் பிக்ரிக் அமிலம் என்ற வெடிபொருள், கூடவே டிஎன்டி, வெடிபஞ்சு. மேல்தளத்தில் எளிதில் தீப்பற்றும் பென்சால் பீப்பாய்கள். போருக்கு முன் இத்தகைய சரக்கு துறைமுகத்துக்குள் வரவே முடியாது. நீர்மூழ்கி அச்சத்தில் அந்தத் தடையைத் தளர்த்தியிருந்தார்கள்.

மறுநாள் காலை வலைவாசல் திறந்ததும் மான்-பிளாங் உள்ளே வரத் தொடங்கியது; ஈமோவும் புறப்பட்டது. எதிரெதிரே வரும் கப்பல்கள் ஒன்றுக்கொன்று இடப்பக்கம் காட்டிக் கடக்க வேண்டும் என்பது கடல்விதி. எதிரே வந்த ஓர் அமெரிக்கக் கப்பலோடு ஒப்புக்கொண்டு ஈமோ மாறுபக்கமாகக் கடந்தது. அடுத்து வந்த இழுவைப் படகுக்கும் இடம்விட்டு, டார்ட்மவுத் கரைப்பக்கமாக, அதாவது உள்ளே வரும் கப்பலுக்குரிய பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தது. மான்-பிளாங் ஒருமுறை சங்கூதியது: நான் என் வலப்பக்கத்தில் வருகிறேன். ஈமோ இருமுறை ஊதியது: நான் மாறப்போவதில்லை. கடைசி நொடியில் மான்-பிளாங் இடப்பக்கம் திரும்ப, ஈமோ எந்திரத்தைப் பின்னோக்கி இயக்க, அதன் மூக்கு பிரெஞ்சுக் கப்பலின் மேல் பாய்ந்தது. காலை 8:45. விலகும்போது பறந்த பொறியில் பென்சால் பற்றிக்கொண்டது.

ஈமோ கிளம்பியதே துறைமுகக் கப்பல் போக்குவரத்தைக் கவனித்த கடற்படைச் சோதனை அதிகாரிக்குத் தெரியாது. வெளியே போகும் கப்பல்களைப் பற்றித் தகவல் தருவதைக் கப்பல் வழிகாட்டிகளின் அலுவலகம் எப்போதோ நிறுத்தியிருந்தது. கேட்டுப் பெறவும் யாருமில்லை. எனக்கு மோதலைவிடப் பெரிய குற்றமாகப் படுவது இந்த மௌனம்தான்.

மான்-பிளாங்கில் வெடிபொருள் எச்சரிக்கைக் கொடியும் இல்லை. எரியும் கப்பலை வேடிக்கை பார்க்க மக்கள் கரைக்கும் சன்னல்களுக்கும் வந்தார்கள். 9:04க்கு அது வெடித்தது. ஏறத்தாழ 1,800 பேர் இறந்தார்கள். சுமார் 9,000 பேர் காயமடைந்தார்கள். உடைந்த கண்ணாடிச் சில்லுகள் பாய்ந்து பலர் கண்ணிழந்தார்கள்.

விசாரணை மோதலுக்கான முழுப் பழியையும் மான்-பிளாங் தரப்பின் மீதே போட்டு, சோதனை அதிகாரியையும் குறைகூறியது. மேல்முறையீட்டில், 1920இல் அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்றபோது, இரு கப்பல்களும் சமமாகத் தவறிழைத்தன என்று முடிவானது. தனிமனிதர் எவரும் தண்டிக்கப்படவில்லை.