அழுத்தி ஊட்டிய காற்று: பந்தயக் காரில் சூப்பர்சார்ஜர்

தென் அந்தமானுக்கும் நடு அந்தமானுக்கும் இடையே அமைந்துள்ளது பாராடாங் தீவு. தென் அந்தமானிலிருந்து அத்தீவை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை ஜாரவா பழங்குடியினரின் காப்பகத்தினூடே செல்கின்றது. ஆகையால், ஜிர்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து வாகனங்கள் காவலுடன் வரிசையாக அனுப்பப்படுகின்றன. மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகம் அனுமதிக்கப்படுவதில்லை. விரைவுக்குச் சற்றும் இடமில்லாத இச்சாலையில் செல்லும் இக்கால டீசல் லாரிகளிலும் பேருந்துகளிலும், பந்தயக் கார்களுக்கு ஆற்றல் அளித்த ஒரு தத்துவமே பணிபுரிகின்றது. எஞ்சின் தானாக உறிஞ்சும் காற்றோடு நின்றுவிடாமல், மேலும் காற்றை அழுத்தி அதனுள் ஊட்டுவதே அத்தத்துவம்.

இம்முறையின் நன்மையையும் அதற்குச் செலுத்த வேண்டிய விலையையும் தெளிவாகக் காட்டும் இடம் பந்தயத் தடமே. சாதாரண விளையாட்டுக் கார் ஒன்றில் சூப்பர்சார்ஜரைப் பொருத்தித் தடத்தில் ஓட்டினால் நிகழ்வன யாவை என்பதை இங்கு ஆராய்வோம்.

காற்றே அளவுகோல்

எஞ்சினின் திறன் பெட்ரோலால் மட்டும் நிர்ணயிக்கப்படுவதன்று. ஒரு பங்கு பெட்ரோல் முழுவதும் எரிவதற்கு, எடையில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவை. பெட்ரோலை மிகுதியாகச் செலுத்துவது எளிது. அதற்கு ஈடான காற்றைச் செலுத்துவதே கடினம்.

1,600 கன சென்டிமீட்டர் கொள்ளளவுடைய நான்கு வீச்சு எஞ்சின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது இரண்டு சுற்றுகளுக்கு ஒருமுறை தன் கொள்ளளவு முழுவதையும் நிரப்பிக்கொள்கிறது. நிமிடத்திற்கு 6,000 சுற்றுகளில், சிலிண்டர்கள் முழுமையாக நிரம்புவதாகக் கொண்டால், அது உட்கொள்ளும் காற்று 4,800 லிட்டர். கடல் மட்டத்தில், 30 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு லிட்டர் காற்றின் எடை சுமார் 1.16 கிராம். எனவே நிமிடத்திற்குச் சுமார் 5.6 கிலோகிராம் காற்று உட்செல்கிறது. அதனால் எரிக்கக்கூடிய பெட்ரோல் சுமார் 380 கிராம். வளிமண்டல அழுத்தம் மட்டுமே காற்றை உள்ளே தள்ளும் வரையில் இவ்வெல்லையை அதிகம் தாண்ட இயலாது. எஞ்சினைப் பெரிதாக்க வேண்டும். அன்றேல் அதனை மேலும் விரைவாகச் சுழற்ற வேண்டும். அன்றேல் காற்றைச் செறிவாக்கி ஊட்ட வேண்டும். மூன்றாவது வழியே சூப்பர்சார்ஜர்.

கருவியின் அமைப்பு

இக்கருவியின் ஒரு வகை, கார் தோன்றுவதற்கு முன்னரே தோன்றியது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற ஊதுகருவி, உலைகளுக்குக் காற்று செலுத்தப் பயன்பட்டது. ஒன்றோடொன்று இழையும் இரு சுழலிகள் காற்றை வாரி மறுபுறம் தள்ளுகின்றன. எஞ்சினுக்குள் காற்றை அழுத்திச் செலுத்தும் முறைக்கு காட்லீப் டெய்ம்லர் 1885-இல் காப்புரிமை பெற்றார். 1921-இல் மெர்சிடிஸ் நிறுவனம் சூப்பர்சார்ஜர் பொருத்திய கார்களைப் பொதுமக்களுக்கெனக் காட்சிக்கு வைத்தது.

மையவிலக்கு வகை மற்றொன்று. விரைந்து சுழலும் சக்கரம் காற்றை வெளிநோக்கி வீசி அழுத்துகிறது. இதன் அழுத்தம் சுழற்சி வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயருவதால், குறைந்த வேகத்தில் பயன் குறைவு. உயர் வேகத்தில் மிகுதி. ரூட்ஸ் வகையோ தொடக்கம் முதலே ஏறத்தாழச் சீரான அழுத்தம் தரும்.

இவ்விரண்டையும் எஞ்சினே பட்டை அல்லது பற்சக்கரம் வாயிலாகச் சுழற்றுகிறது. வீணே வெளியேறும் புகையின் ஆற்றலால் சுழலும் கருவியே டர்போசார்ஜர். சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியியலாளர் ஆல்ஃப்ரெட் பூக்கி 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பாராடாங் செல்லும் டீசல் வாகனங்களில் உள்ளது இவ்வகையே.

வெப்பம் என்னும் விலை

சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துப் பலமுறை அழுத்தினால் அதன் அடிப்பகுதி சுடுவதை மாணவரும் அறிவர். அழுத்தப்படும் காற்று வெப்பமடையும் என்பது இயற்கை விதி. காற்றின் அழுத்தத்தை வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்காக உயர்த்துவோம். கருவியின் செயல்திறன் 60 விழுக்காடு எனக் கொண்டால், 30 பாகையில் இருந்த காற்று சுமார் 92 பாகைக்கு உயரும். சுட்ட காற்று விரிவடையும். ஆகவே அழுத்தம் 50 விழுக்காடு உயர்ந்தும், சிலிண்டரை அடையும் காற்றின் எடை சுமார் 25 விழுக்காடே கூடுகிறது. இடையில் ஒரு குளிர்விப்பானை வைத்து, காற்றை 50 பாகைக்குத் தணித்தால், அப்பெருக்கம் 40 விழுக்காட்டை எட்டும். மேலும், இக்கருவியைச் சுழற்றுவதற்கே நம் எஞ்சின் ஏறக்குறைய 10 குதிரைத் திறனைச் செலவிட வேண்டியுள்ளது.

இதனினும் பெரிய இடர் ஒன்று உண்டு. பெட்ரோல் எஞ்சினில் காற்றும் எரிபொருளும் சேர்ந்தே அழுத்தப்படுகின்றன. அக்கலவை மிகுந்த வெப்பமும் அழுத்தமும் அடைந்தால், தீப்பொறியிலிருந்து பரவும் சுடர் வந்து சேரும் முன்பே அதன் எஞ்சிய பகுதி தானாக வெடிக்கும். மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்று கூறும் உலோகத் தட்டோசை இதுவே. அது நீடித்தால் பிஸ்டன் துளைபடவும் கூடும். டீசல் எஞ்சினிலோ காற்று மட்டுமே அழுத்தப்பட்டு, எரிபொருள் இறுதியில் பீய்ச்சப்படுகிறது. முன்னரே வெடிக்க அங்கு எரிபொருள் இல்லை. லாரிக்கு எளிதில் இசைந்த முறை, பெட்ரோல் காருக்கு மிகுந்த எச்சரிக்கையைக் கோருவதன் காரணம் இதுவாகும்.

இரு பந்தயங்கள் தரும் சான்று

1930-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிரான்சின் லெ மான் நகரில் நடைபெற்ற 24 மணி நேரப் பந்தயம் இதற்கு முதற்சான்று. பென்ட்லி நிறுவனத்தின் 4.5 லிட்டர் காரில் ஆம்ஹர்ஸ்ட் வில்லியர்ஸ் வடிவமைத்த சூப்பர்சார்ஜரைப் பொருத்தச் செய்தவர் பந்தய வீரர் டிம் பர்க்கின். அதனால் எஞ்சினின் திறன் 110 குதிரைத் திறனிலிருந்து 175-க்கு உயர்ந்தது. பந்தயத்திற்கென அமைந்த கார்களில் 240 வரை எட்டியது. நிறுவனத்தை நிறுவிய டபிள்யூ. ஓ. பென்ட்லி இம்மாற்றத்தை விரும்பவில்லை. எஞ்சினைப் பெரிதாக்குவதே முறை என்பது அவர் கொள்கை. அப்பந்தயத்தில் சூப்பர்சார்ஜர் பூட்டிய பென்ட்லி கார்கள் எஞ்சின் பழுதால் விலகின. சூப்பர்சார்ஜர் பூட்டிய மெர்சிடிஸும் முடிவு வரை ஓடவில்லை. வென்றது, சூப்பர்சார்ஜர் இல்லாத 6.5 லிட்டர் பென்ட்லியே.

இரண்டாவது சான்று 1951 ஜூலை 14 அன்று இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் கிடைத்தது. அல்ஃபா ரோமியோவின் 1.5 லிட்டர் சூப்பர்சார்ஜர் கார்கள் 400-க்கு மேற்பட்ட குதிரைத் திறன் தந்தன. ஆனால் எஞ்சினின் உட்புறத்தைக் குளிர்விக்கவும் மெதனால் கலந்த எரிபொருளைத் தாராளமாகச் செலுத்த வேண்டியிருந்ததால், ஒரு லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர்கூட அவை ஓடவில்லை. மிகுந்த எரிபொருளைச் சுமப்பதும், நிரப்புவதற்கென நின்று காலம் இழப்பதும் தவிர்க்க இயலாதவை ஆயின. சூப்பர்சார்ஜர் இல்லாத 4.5 லிட்டர் ஃபெராரியை ஓட்டிய கொன்சாலஸ் வென்றார். எனினும் அவ்வாண்டின் உலகப் பட்டத்தை அல்ஃபா ரோமியோவில் ஓட்டிய ஃபாஞ்சியோ பெற்றார் என்பதையும் கருதுதல் வேண்டும். கருவி பயனற்றதன்று, அதன் விலையைக் கணக்கிடாதவருக்கே அது பகையாகின்றது.

நம் நாட்டுத் தடங்களில்

தமிழ்நாட்டில் கார்ப் பந்தயம், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமைந்த சோழவரம் விமான ஓடுதளத்தில் வளர்ந்தது. 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் அமைத்தது; 1990-இல் திறக்கப்பட்ட அதன் ஒரு சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர்.

சாலையில் எஞ்சினின் முழுத் திறனும் சில வினாடிகளே தேவைப்படுகிறது; பிறகு எஞ்சின் ஆறுகிறது. தடத்திலோ ஒவ்வொரு சுற்றிலும் அது மீண்டும் மீண்டும் கோரப்படுகிறது. முன் சுற்றின் வெப்பம் தணியும் முன் அடுத்த சுற்றின் வெப்பம் சேர்கிறது. நம் கோடையில் புறக் காற்றே சூடாக இருப்பது இடரைப் பெருக்குகிறது. எனவே சூப்பர்சார்ஜரைப் பொருத்துவோர் அதனை மட்டும் வாங்குதல் போதாது. காற்றுக் குளிர்விப்பான், பெரிய ரேடியேட்டர், எண்ணெய்க் குளிர்விப்பான், கூடுதல் எரிபொருள் வழங்கும் ஏற்பாடு, உயர்ந்த ஆக்டேன் எண்ணுடைய பெட்ரோல் ஆகியவை உடன் தேவை. தீப்பொறியின் நேரத்தைச் சற்றுத் தாமதப்படுத்துவதும், அழுத்த விகிதம் குறைந்த பிஸ்டன்களை இடுவதும் வேண்டியிருக்கலாம். கிளட்சும் பிரேக்கும் புதிய திறனுக்கு ஈடு கொடுக்க வேண்டும். ஏனெனில் மிகுந்த வேகத்தோடு வளைவை அணுகும் காரை நிறுத்துவது சூப்பர்சார்ஜர் அன்று.

களப் பணியாளருக்கும் ஆசிரியருக்கும்

இதே தத்துவம், தொடக்கத்திலிருந்தே அதற்கென வடிவமைக்கப்பட்ட எஞ்சினில் நெடுங்காலம் உழைத்ததற்கு நம் இரயில்வே சான்று. 1962-இல் வந்து, 1964 முதல் வாரணாசித் தொழிற்சாலையில் உருவாகிய டபிள்யூ.டி.எம்.-2 டீசல் எஞ்சின், டர்போசார்ஜர் உதவியுடன் 16 சிலிண்டர்களில் 2,600 குதிரைத் திறன் தந்து, பல பத்தாண்டுகள் நாடெங்கும் வண்டிகளை இழுத்தது.

டர்போசார்ஜர் உள்ள ஜீப்பையோ லாரியையோ பயன்படுத்தும் பணியாளர் இரண்டு பழக்கங்களைக் கைக்கொள்ளல் நன்று. காற்று வடிகட்டியைக் காலந்தோறும் கவனித்தல் ஒன்று. அடைபட்ட வடிகட்டி, கருவியின் உழைப்பை வீணாக்கும். கடும் ஏற்றத்திற்குப் பின் எஞ்சினை உடனே நிறுத்தாமல் ஓரிரு நிமிடம் மெல்ல ஓடவிடுதல் மற்றொன்று. அப்போதுதான் சுடும் தாங்கிகளை எண்ணெய் தொடர்ந்து குளிர்விக்கும்.

ஆசிரியருக்கோ ஒரு சைக்கிள் பம்பும் ஒரு வெப்பமானியும் போதும். பம்பை அழுத்துமுன்னும் பின்னும் அதன் அடிப்பகுதியின் வெப்பநிலையை மாணவரே அளந்து குறிக்கட்டும். லெ மானில் பர்க்கினின் எஞ்சின் எதிர்த்துப் போராடிய வெப்பத்தின் ஒரு சிறு பகுதி, அவர்தம் விரல் நுனியிலேயே தென்படும்.