டேங்கில் இருக்கிறது, எஞ்சினுக்குப் போகவில்லை

1997 அக்டோபர் 12. அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர், தான் புதிதாக வாங்கிய 'லாங் ஈஸி' என்ற சிறு விமானத்துடன் கலிஃபோர்னியாவின் மாண்டரே விமான நிலையத்தில் இருந்தார். எரிபொருள் ஒரு டேங்கில் பாதிக்கும் குறைவு, இன்னொன்றில் கால்வாசிக்கும் குறைவு என்று பராமரிப்புப் பணியாளர் கணித்தார். ஒரு மணி நேரம்தான் பறக்கப்போகிறேன், எரிபொருள் வேண்டாம் என்றார் டென்வர். சற்று நேரத்தில் விமானம் கடலில் விழுந்தது. அவருக்கு வயது 53. பறந்த அனுபவம் 2,700 மணி நேரத்துக்கு மேல்.

இந்த விமானத்தில் எந்த டேங்கிலிருந்து எஞ்சினுக்கு எரிபொருள் போகவேண்டும் என்பதை விமானியே ஒரு வால்வைத் திருப்பித் தீர்மானிக்கிறார். பழைய பைக்கில் வண்டி தடுமாறியதும் குனிந்து ரிசர்வுக்குத் திருப்புவோமே, அதே வேலை. லாங் ஈஸியின் மூல வடிவத்தில் அந்த வால்வு விமானியின் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. ஆனால் இந்த விமானத்தைக் கட்டியவர், எரிபொருள் குழாய் விமானி அறைக்குள் வரக்கூடாது என்று நினைத்து, அதை இருக்கைக்குப் பின்னால் இடது தோளருகே வைத்துவிட்டார். பாதுகாப்புக்காகச் செய்த மாற்றம்தான். அதைத் திருப்ப உடம்பை முறுக்கவேண்டும். முறுக்கும்போது வலது கால் தன்னையறியாமல் பெடலை அழுத்தும். விமானம் ஒருபக்கமாகச் சாயும். சுமார் 150 மீட்டர் உயரத்தில் அதைச் சரிசெய்ய அவகாசம் ஏது?

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தந்த காரணங்களில் வால்வின் இடம், அளவுக்குறி இல்லாத எரிபொருள் மானிகள், புது விமானத்துக்குப் போதாத பயிற்சி ஆகியவற்றோடு எரிபொருள் நிரப்பாததும் இருந்தது.

எரிபொருள் விபத்துகள் முக்கியமாக இரண்டு வகை. டேங்க் முழுவதும் காலியாவது ஒன்று. விமானத்தில் எரிபொருள் இருந்தும் எஞ்சினுக்குப் போகாமல் நிற்பது மற்றொன்று. 2011 முதல் 2015 வரையிலான எரிபொருள் விபத்துகளை அதே வாரியம் ஆராய்ந்தபோது, முதல் வகை 56 சதவீதம், இரண்டாம் வகை 35 சதவீதம் என்று தெரிந்தது. ஆண்டுக்குச் சராசரியாக 50 விபத்துகளுக்கு மேல். இவற்றில் சிக்கியவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் வணிக உரிமமோ அதற்கு மேலோ பெற்றவர்கள். மாணவர்கள் சுமார் 2 சதவீதம்தான். ஆக, இது கற்றுக்குட்டிகளின் தவறு அல்ல. போதும் என்று மனக்கணக்குப் போடும் தைரியம், பழகியவர்களுக்குத்தான் வருகிறது.

வடிவமைப்பும் இதில் பங்கு வகிக்கிறது. செஸ்னா 172இல் இறக்கை மேலே இருப்பதால் எரிபொருள் தானே கீழே இறங்கும். இரு டேங்குகளையும் ஒருசேரத் திறந்து வைக்கலாம். பைப்பர் செரோகீயில் இறக்கை கீழே. பம்பு உறிஞ்ச வேண்டும், காலியான டேங்கிலிருந்து காற்றையும் உறிஞ்சிவிடும். அதனால் அங்கே இடது அல்லது வலது மட்டும்தான். மாற்ற மறந்தால், ஒரு டேங்க் நிறைந்திருக்கும்போதே எஞ்சின் நின்றுவிடும்.

எஞ்சின் நின்றுவிட்டாலும் விமானம் கல் போல விழாது. 300 மீட்டர் உயரத்திலிருந்து செஸ்னா 172 ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர் மிதந்து இறங்கும். மிதக்கும் வேகத்தைப் பிடித்து, இறங்க ஓர் இடம் தேர்ந்து, டேங்கை மாற்றிப் பார்க்க ஒன்றரை நிமிடம் போலக் கிடைக்கும்.

எரிபொருள் மானிகளை நம்பிப் புறப்படுவது மோசமான பழக்கம். தரையில் மூடியைத் திறந்து அளவுகோலை விட்டுப் பார்ப்பதும், வானில் கடிகாரத்தைப் பார்ப்பதுமே நம்பகமான வழி. வெளியே கண்ணால் பார்த்து ஓட்டும் பார்வை விதிகளின்படி பறக்கும் விமானம், போய்ச்சேரும் இடத்துக்கு அப்பால் பகலில் 30 நிமிடத்துக்கும் இரவில் 45 நிமிடத்துக்குமான எரிபொருளோடு புறப்படவேண்டும் என்கிறது அமெரிக்க விதி. அது குறைந்தபட்சம் மட்டுமே. ஒரு மணி நேர இருப்போடு தரையிறங்குங்கள் என்று அமெரிக்க விமானிகள் சங்கமே அறிவுறுத்துகிறது. சிறு விமானத்தில் ஏற நேர்ந்தால், எத்தனை மணி நேரத்துக்கு எரிபொருள் இருக்கிறது என்று விமானியிடம் கேட்கத் தயங்காதீர்கள்.