வண்டியே வீடாக இருப்பவர்களுக்குப் புயல் வந்தால்

அரவைக் காலத்தில் கடலூர் மாவட்டம் சேத்தியாத்தோப்பு எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு லோடு ஏற்றி வரும் லாரி டிரைவருக்கு, தன் முறை வரும்வரை கேபின்தான் வீடு. வெளி மாவட்டங்களிலிருந்து அறுவடை மெஷினோடு வருகிறவர்கள் அதை ஏற்றி வந்த லாரியிலேயே படுத்து, அதன் நிழலிலேயே சமைப்பார்கள். திருவிழாவுக்குத் திருவிழா நகரும் ராட்டினக்காரர்கள், குட்டியானையில் பாத்திரமும் பாயும் விற்றுக்கொண்டே ஊர் ஊராகப் போகும் குடும்பங்கள், வேனுக்குள் கட்டிலும் அடுப்பும் பொருத்திக்கொண்டு நாடு சுற்றக் கிளம்பும் இளைஞர்கள் என்று இந்தப் பட்டியல் நீளும். வெளிநாட்டில் மோட்டார் ஹோம் என்பது ஒரு சொகுசு. நம் பக்கத்தில் பெரும்பாலும் அது பிழைப்பு.

இவர்கள் கடலூர் மாவட்டத்தைக் கடக்கும் பருவமும் புயல் கடக்கும் பருவமும் பல சமயம் ஒன்றாகிவிடுகின்றன. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறியபோது காற்றின் வேகம் மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. 2020 நவம்பரில் நிவர், அடுத்த வாரமே புரெவி, 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல். சேத்தியாத்தோப்பு கடலிலிருந்து ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது என்பதில் பெரிய ஆறுதல் எதுவும் இல்லை. அலை இங்கே எட்டாது என்றாலும் காற்றும் வெள்ளமும் எட்டும்.

முதலில் காற்று. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். ஆறு மீட்டர் நீளமும் இரண்டரை மீட்டர் உயரமும் உள்ள ஒரு கூண்டு வண்டியின் பக்கவாட்டில் 120 கிலோமீட்டர் வேகக் காற்று மோதினால், அதன் தள்ளுதல் ஒரு டன்னைத் தாண்டும். லோடு ஏற்றிய லாரி அதைத் தாங்கிக்கொள்ளும். காலி வேன் அப்படியல்ல. உயரம் அதிகம், எடை குறைவு, பக்கச் சுவர் பாய்மரம் மாதிரி விரிந்திருக்கிறது. பலமாக ஒரு வீச்சு வந்தால் ஒரு பக்கச் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பிவிடும்.

வண்டியின் முகத்தைக் காற்றுக்கு நேராகத் திருப்பி நிறுத்தினால் போதும் என்று சொல்பவர்கள் உண்டு. மோதும் பரப்பு அப்போது குறையும், அது உண்மை. ஆனால் புயல் காற்று ஒரே திசையில் நின்று வீசாது. நம் கடற்கரைக்கு வரும் புயல்கள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்பவை. தானே போல வடக்கே கரையேறினால் சேத்தியாத்தோப்பில் முதலில் வடக்கு, வடமேற்குக் காற்று, பிறகு மேற்கு, கடைசியில் தென்மேற்கு. 2018 கஜா போல தெற்கே வேதாரண்யம் பக்கம் கரையேறினால் வடகிழக்கில் தொடங்கிக் கிழக்கு, தென்கிழக்கு என்று மாறும். மாலையில் சரியாக நிறுத்திய வண்டிக்கு விடியும்போது விலாப்புறத்தில் அடி விழும். உறுதியான கான்கிரீட் கட்டடத்தின் மறைவில், அதை ஒட்டி நிறுத்துவதுதான் ஓரளவு நம்பக்கூடிய வழி. சுற்றுச்சுவரையோ தகரக் கொட்டகையையோ மறைவாக நினைக்க வேண்டாம். சுவர் வண்டியின் மேலேயே விழும். தகரம் பிய்த்துக்கொண்டு பறக்கும்.

அடுத்தது தண்ணீர். உயிர்களை அதிகம் கொண்டுபோவது இதுதான். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் கரையேறி வலுவிழந்த பிறகு, கடலுக்கு வெகு தொலைவில் இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது. ஏரி நிரம்பி வழிந்து, சாலையோரம் வரிசையாக நின்ற வேன்களையும் கார்களையும் சரிவில் உருட்டிக்கொண்டு போனதைத் தமிழ்நாடே காணொளியில் பார்த்தது. அதே நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி வரை திறந்துவிடப்பட்டு, தென்பெண்ணை வழியாகக் கடலூர் மூழ்கியது. புயல் கடந்துவிட்டது என்று மூச்சு விட்ட பிறகு வந்த வெள்ளம் அது.

வெள்ளாற்றுக்கும் இதே குணம். சேலம் பக்கத்து மலைகளில் பெய்யும் மழை வசிஷ்ட நதி, சுவேத நதி வழியாக வருகிறது. கூடலையாற்றூரில் மணிமுத்தாறும் சேர்ந்துகொண்டு சேத்தியாத்தோப்பு அணைக்கட்டுக்கு வந்து சேரும். இங்கே வானம் வெளுத்திருக்கும்போதும் ஆறு ஏறும். தெற்கே 47.50 அடி வரை தண்ணீர் தேக்கும் வீராணம் ஏரி வேறு இருக்கிறது. ஏரி நிரம்பும்போது உபரி நீரின் ஒரு பகுதி வெள்ளாற்றுக்கே திருப்பிவிடப்படுகிறது. ஆகவே மழை நின்றாலும் வெள்ளாற்றுப் பாலத்தடி, அணைக்கட்டுப் பக்கம், ஏரிக்கரை ஆகிய இடங்களில் வண்டி நிற்கக் கூடாது. கரை மேடாக இருக்கிறதே என்று தோன்றும். காற்றுக்கு முழுதாகத் திறந்த இடம் அது. ஊறிய மண்ணில் சக்கரம் இறங்கும். கரை உடைந்தால் திரும்பி ஓடவும் வழி கிடையாது.

ஓடும் தண்ணீர் முழங்காலைத் தொடும் முன்பே, ஓரடி ஆழத்தில், சிறிய காரை மிதக்கவைத்துவிடும். இரண்டடி என்றால் வேன், ஜீப் எதுவானாலும் இழுத்துக்கொண்டு போகும். எடை அதிகம் என்பதால் லாரி கொஞ்சம் தாக்குப்பிடிக்கலாம். ஆனால் தண்ணீருக்கு அடியில் சாலை இருக்கிறதா, அரித்துப் போய்விட்டதா என்று லாரிக்கும் தெரியாது.

ஆக, வண்டியை எவ்வளவு நன்றாகத் தயார் செய்தாலும் புயல் அடிக்கும்போது மனிதர் அதற்குள் இருக்கக் கூடாது. அமெரிக்காவில் புயல் எச்சரிக்கை வந்ததும் முதலில் வெளியேறச் சொல்வது மொபைல் ஹோம், மோட்டார் ஹோம்களில் இருப்பவர்களைத்தான். தொழிற்சாலையில் முறையாகச் செய்து பதிவான அந்த வீடுகளுக்கே இதுதான் விதி என்றால், பட்டறையில் தகரம் அடித்த நம் வண்டிகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

வானிலை ஆய்வு மையத்தின் புயல் எச்சரிக்கை பெரும்பாலும் 48 மணி நேரத்துக்கு முன்பே வந்துவிடுகிறது. கடலூருக்கு ஆரஞ்சு எச்சரிக்கை அறிவித்தால் அன்றே முடிவெடுக்க வேண்டும். உள்மாவட்டத்துக்குப் போகலாம் என்றால் மழை தொடங்கும் முன்பே கிளம்ப வேண்டும். இருக்க வேண்டிய கட்டாயம் என்றால் ஆலை யார்டு, கான்கிரீட் தளம் போட்ட பெட்ரோல் பங்க், மேடான மண்டப வளாகம் ஆகிய இடங்களில் அனுமதி கேட்டு நிறுத்தலாம். புளியமரம், தூங்குமூஞ்சி மரம், மின்கம்பி, விளம்பரப் பலகை எதற்கும் கீழே வேண்டாம். ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரிலும் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்கவும். மேலே கட்டிய தார்ப்பாய், சோலார் தகடு, தண்ணீர்த் தொட்டி, சைக்கிள் எல்லாவற்றையும் இறக்கிவிடவும். பாதி பிரிந்த தார்ப்பாய் காற்றில் கொடுக்கும் இழுவை சாதாரணமல்ல. கனமான சாமான்களைத் தரைமட்டத்துக்குக் கொண்டுவந்தால் வண்டி கவிழும் வாய்ப்பு குறையும். டீசல் டேங்கை நிரப்பிவைக்கவும்.

கேஸ் சிலிண்டரை ரெகுலேட்டரிலிருந்து கழற்றி, பாதுகாப்பு மூடி போட்டு, நிமிர்த்தி வைத்துக் கட்டவும். 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டரை வண்டியில் பொருத்திக்கொள்வது விதிப்படி தவறு. 5 கிலோ சிலிண்டர் கடையிலேயே கிடைக்கிறது. கசிவு என்றால் 1906. இதைவிட ஆபத்தான பழக்கம் ஒன்று உண்டு. மழைக்கு எல்லாக் கதவையும் அடைத்துவிட்டு உள்ளே ஜெனரேட்டர் ஓட்டுவது, எஞ்சினை ஓடவிட்டு ஏசியில் தூங்குவது, கரியடுப்பு மூட்டுவது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாசனையோ கிடையாது. தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார்.

இத்தனையும் முடித்த பிறகு ஆர்.சி., இன்சூரன்ஸ், பெர்மிட், ஆதார், குடும்ப அட்டை ஆகியவற்றை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு இறங்கிவிடுங்கள். வண்டியை நான்கு பக்கமும் உள்ளேயும், தேதி தெரியும்படி படம் எடுத்து யாருக்காவது அனுப்பிவையுங்கள். பின்னால் இந்தப் படங்கள்தான் பேசும்.

எங்கே போவது? கடலூர் மாவட்டத்தில் கடலோரங்களில் பல்நோக்குப் புயல் பாதுகாப்பு மையங்கள் இருக்கின்றன. உள்ளூர்களில் பள்ளிகளும் மண்டபங்களும் முகாம்களாகும். எந்தக் கட்டடம் என்பதை கிராம நிர்வாக அலுவலரிடமோ பேரூராட்சி அலுவலகத்திலோ கேட்டுக்கொள்ளலாம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலத்துக்கு 1070. உள்ளூர் முகவரி இல்லை, நாடோடிக் குடும்பம் என்று முகாமில் யாராவது தயங்கினால் வாக்குவாதம் செய்ய வேண்டாம். 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61-ஆம் பிரிவைச் சொல்லுங்கள். நிவாரணம் தருவதில் பால், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு கூடாது என்று அது தெளிவாகச் சொல்கிறது.

முகாமில் இடம் கிடைப்பது ஒன்று, நிவாரணத் தொகை கிடைப்பது வேறொன்று. ஃபெஞ்சலுக்குப் பிறகு விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குத் தலா 2,000 ரூபாய் வழங்கப்பட்டது குடும்ப அட்டையின் பேரில். அட்டை வேறு மாவட்டத்தில் இருந்தால் அந்தப் பட்டியலில் பெயர் இருக்காது. பேரிடர் நிவாரண நிதியின் விதிமுறைகளில் குடிசை உண்டு, கால்நடை உண்டு, மீன்பிடிப் படகும் வலையும் உண்டு. அடித்துப்போன லாரிக்கோ வேனுக்கோ அதில் இடமில்லை. குடும்பமே அதில்தான் வாழ்ந்தது என்பதை அந்த விதிமுறை பார்ப்பதில்லை. இது நியாயமா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். விதி மாறும்வரை வண்டிக்காரருக்கு இருக்கும் ஒரே பிடி இன்சூரன்ஸ்.

அதிலும் தர்ட் பார்ட்டி மட்டும் போட்டிருந்தால் உங்கள் வண்டிக்கு ஒரு ரூபாய்கூட வராது. 'ஃபுல் இன்சூரன்ஸ்' என்று நாம் சொல்லும் பாலிசியில்தான் புயல், வெள்ளம், மரம் விழுவது போன்ற சேதங்களுக்குக் காப்பு உண்டு. உள்ளே இருந்த மெத்தை, பாத்திரம், பணம், லேப்டாப் ஆகியவற்றுக்கு அதிலும் கிடையாது. சரக்கு வேனை ஆர்.டி.ஓ. ஒப்புதல் இல்லாமல் படுக்கையறையாக மாற்றியிருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். அந்த மாற்றத்தைக் காரணம் காட்டி கம்பெனி கிளெய்மை மறுக்க முடியும். கட்டிலும் அடுப்பும் பொருத்துகிற பட்டறைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். ஆர்.சி.யில் பதிந்து, கம்பெனிக்கும் எழுதித் தெரிவித்துவிடுவது நல்லது.

தண்ணீர் வடிந்ததும் ஆர்வத்தில் சாவியைத் திருப்பிப் பார்ப்பதுதான் பலரும் பணத்தை இழக்கும் இடம். எஞ்சினுக்குள் நீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். அது வெள்ளம் செய்த சேதமல்ல, நீங்கள் செய்தது என்று கம்பெனி சொல்லும். எஞ்சின் பாதுகாப்புக்குத் தனியாகக் கட்டியிருந்தால் ஒழிய வாதிட்டு ஜெயிப்பது கஷ்டம். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, தொடாமல், கட்டி இழுத்துத்தான் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். அருகில் மின்கம்பி அறுந்து கிடந்தால் வண்டியை நெருங்காமல் மின்னகம் 94987 94987 எண்ணுக்குச் சொல்லவும். உள்ளே இருக்கும்போதே கம்பி வண்டியின் மேல் விழுந்தால், மின்சாரம் துண்டிக்கப்படும்வரை இறங்கக் கூடாது.

கிளெய்மை உடனே பதிவு செய்து அதன் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024-ஆம் ஆண்டு விதிப்படி 24 மணி நேரத்துக்குள் சர்வேயர் நியமிக்கப்பட வேண்டும். அவர் 15 நாளில் அறிக்கை தர வேண்டும். அதிலிருந்து 7 நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். சர்வேயர் பார்க்கும்வரை எதையும் கழற்ற விடாதீர்கள். பழுதுச் செலவு வண்டியின் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பாகக் கருதப்படும்.

மறுத்தாலோ இழுத்தடித்தாலோ முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம், ஓராண்டுக்குள் போகலாம். 50 லட்ச ரூபாய் வரை விசாரிப்பார். கட்டணம் கிடையாது, வக்கீலும் வைக்க முடியாது. அவர் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். இன்னொரு வழி கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும்; நீங்கள் கட்டிய பிரீமியம் ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915.

வண்டி முதலாளிக்கும் டிரைவருக்கும் இடையில் ஒரு விஷயம் பாக்கி. "தண்ணி கொஞ்சம்தான், தாண்டி வந்துடுப்பா" என்று போனில் சொல்லும் முதலாளிகள் இருக்கிறார்கள். வேலை நேரத்தில், வேலையின் காரணமாக டிரைவருக்கோ கிளீனருக்கோ உயிரிழப்போ ஊனமோ ஏற்பட்டால், சட்டப்படி முதலாளிதான் ஈடு தர வேண்டும். தொழிலாளர் துறையில் இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம். அந்த போன் அழைப்பின் நேரம், வாட்ஸாப்பில் வந்த குரல் பதிவு எதையும் அழிக்காமல் வைத்திருங்கள். அமைப்புசாரா ஓட்டுநர் நலவாரியத்தில் பெயர் பதிந்திருந்தால் அங்கிருந்தும் உதவி கேட்கலாம்.

சில சமயம் அரசே வண்டியைக் கேட்கும். மீட்புப் பணிக்காக லாரி, டிராக்டர், வேன்களைக் கையகப்படுத்தப் பேரிடர் சட்டத்தின் 65-ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. அதற்கு இழப்பீடு உண்டு என்கிறது 66. வாய்மொழியாகச் சாவியைக் கொடுத்துவிடாமல், அதிகாரியின் பெயர், நாள், நேரம், மீட்டர் அளவு ஆகியவற்றோடு எழுத்தில் உத்தரவு வாங்கிக்கொள்ளுங்கள். அந்த வண்டிதான் உங்கள் குடும்பம் தங்கும் இடம் என்றால் அதையும் அந்தத் தாளிலேயே குறிப்பிடச் சொல்லுங்கள். முகாமில் இடம் கேட்கவும், பிறகு இழப்பீடு கேட்கவும் அது உதவும்.