வேனுக்கும் ஒரு பாடநூல்

விடியற்காலை நாலரை மணி. அயலூர்த் திருமணத்துக்குப் புறப்பட்ட குடும்பம் முழுவதும் வேனில் ஏறி அமர்ந்துவிட்டது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஓர் ஒலி மட்டும் எழுகிறது, எஞ்சின் சுழலவில்லை. முன்விளக்குகளோ பளிச்சென்று எரிகின்றன. "பாட்டரி போய்விட்டது" என்கிறார் மாமா. "ஸ்டார்ட்டர் மோட்டார்தான்" என்கிறார் எதிர்வீட்டுக்காரர். அன்று வாடகை வண்டியில் போய் வருகிறார்கள். மறுநாள் புதிய பாட்டரி வாங்கிப் பொருத்துகிறார்கள். ஒரு வாரம் கழிகிறது. மீண்டும் அதே 'டக்'.

பணம் போயிற்று, பழுது போகவில்லை. காரணம் என்ன? எல்லோரும் ஊகித்தார்கள், ஒருவரும் அளந்து பார்க்கவில்லை. ஊகம் இருக்கும் இடத்தில் அளவைக் கொண்டுவந்து வைப்பதற்கென்றே ஒரு நூல் உண்டு. 'சர்வீஸ் மானுவல்' என்று பணிமனைகளில் வழங்கும் பழுதுபார்க்கும் கையேடுதான் அது.

எந்தக் கையேடு?

வண்டி வாங்கும்போது உடன் தரப்படும் சிறு புத்தகம் உரிமையாளருக்கானது. டயரில் எவ்வளவு காற்று வேண்டும், எஞ்சின் ஆயிலை எப்போது மாற்ற வேண்டும் என்பன போன்ற செய்திகள் அதில் இருக்கும். பழுதுபார்க்கும் கையேடு அதனினும் வேறானது. எஞ்சின், குளிர்விக்கும் அமைப்பு, எரிபொருள் அமைப்பு, கிளட்ச், கியர் பெட்டி, பிரேக், மின்சுற்று என்று வண்டியை உறுப்பு உறுப்பாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கும். உறுப்பு எவ்வாறு வேலை செய்கிறது, பழுதின் அறிகுறிகள் யாவை, எந்த வரிசையில் கழற்றுவது, எதை அளப்பது, எப்படித் திரும்பப் பூட்டுவது என்பவை முறையாகத் தரப்பட்டிருக்கும்.

கையேடு நம் வண்டிக்கே உரியதாக இருக்க வேண்டும் என்பது முதல் விதி. நம் நாட்டுக் குடும்பங்களுக்கு நன்கு அறிமுகமான மாருதி வேனை எடுத்துக்கொள்வோம். 1984-இல் வெளிவந்து, பின்னர் 'ஆம்னி' என்று பெயர் பெற்று, 2019-இல் உற்பத்தி நின்ற வண்டி இது. மூன்று சிலிண்டர்களும் 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் கொண்ட எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியில் அமைந்துள்ளது. தொடக்ககால வண்டிகளில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுத்தது கார்புரேட்டர். பிற்கால வண்டிகளில் மின்னணுக் கட்டுப்பாட்டுடன் பெட்ரோலைப் பீய்ச்சும் அமைப்பு வந்தது. வெளித்தோற்றம் ஏறக்குறைய ஒன்றே; ஆனால் ஒன்றின் மின்சுற்றுப் படம் மற்றதற்குப் பொருந்தாது. ஆகவே கையேட்டைத் திறந்ததும் மாதிரி, ஆண்டு, எஞ்சின் வகை ஆகியவற்றை நம் வண்டியோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இத்தகைய நூல்கள் பணிமனைக்கு வெளியே பரவியதில் ஜான் ஹேன்ஸ் என்ற ஆங்கிலேயருக்குப் பெரும் பங்குண்டு. 1966-இல் 'ஆஸ்டின் ஹீலி ஸ்ப்ரைட்' என்ற சிறு காருக்கு அவர் ஒரு கையேடு வெளியிட்டார். ஒரு காரை உண்மையிலேயே பிரித்துப் பூட்டி, அந்த வேலையின் படிகளைப் புகைப்படம் எடுத்து விளக்கும் முறை அவருடையது. படிப்பவர் தம் கண்முன் இருக்கும் உறுப்பையே படத்திலும் காண முடிந்ததால், சாதாரண மக்களும் துணிந்து கருவியைக் கையில் எடுத்தார்கள்.

'டக்' ஒலியின் மர்மம்

இனி, கிளம்ப மறுத்த வேனுக்கு வருவோம். கையேட்டின் பழுதறியும் அட்டவணை, பாட்டரியை மாற்று என்று தொடங்குவதில்லை. பாட்டரியை அளந்து பார் என்று தொடங்குகிறது. ஓய்வில் இருக்கும் நல்ல பாட்டரி, முழு மின்னேற்றத்தில் ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். நம் வேனில் அது சரியாகவே இருக்கிறது. அடுத்த படி, மின்னோட்டம் செல்லும் பாதையைச் சோதிப்பது.

ஓம் விதியை நாம் பள்ளியில் படித்திருக்கிறோம்: மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்கினால் மின்னழுத்தம் கிடைக்கும். பாட்டரியிலிருந்து வண்டியின் உடலுக்குச் செல்லும் எர்த் கம்பியின் முனையில் துரு ஏறி, 0.05 ஓம் தடை உண்டாகிவிட்டதாகக் கொள்வோம். மிகச் சிறிய தடைதான். இரண்டு முன்விளக்குகளும் சேர்ந்து இழுப்பது ஏறக்குறைய 9 ஆம்பியர். துருவில் இழக்கப்படுவது 9 × 0.05 = 0.45 வோல்ட். விளக்கின் ஒளி குறைந்ததே கண்ணுக்குத் தெரியாது. ஆனால் எஞ்சினைச் சுழற்ற ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு 100 ஆம்பியர் வேண்டுமென்றால், 100 × 0.05 = 5 வோல்ட் அந்தத் துருவிலேயே போய்விடும். எஞ்சிய 7 வோல்ட்டில் மோட்டாருக்கு வேண்டிய மின்னோட்டம் கிடைக்காது. 'டக்' ஒலியோடு நின்றுவிடும். விளக்கு எரிவதும் எஞ்சின் சுழலாததும் ஒரே பழுதின் இரு முகங்கள் என்பது இப்போது விளங்குகிறது அல்லவா?

சோதனையும் எளியது. வோல்ட் மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எதிர்முனையிலும், மற்றொன்றை எஞ்சினின் வெற்று உலோகப் பகுதியிலும் வைத்து, வேறொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்ல வேண்டும். நல்ல இணைப்பானால் அரை வோல்ட்டுக்குக் கீழேதான் காட்டும். பல வோல்ட் காட்டினால் பழுது அந்தப் பாதையில் இருக்கிறது. ஓர் உப்புத்தாளும் ஒரு ஸ்பேனரும் அதைத் தீர்த்துவிடும். வாங்கிய பாட்டரிக்குத் தேவையே இருக்கவில்லை.

எவ்வளவு முறுக்குவது?

கையேட்டில் அடிக்கடி காணப்படும் மற்றோர் அளவு, நட்டுகளை முறுக்க வேண்டிய திருப்பு விசை. விசையை ஸ்பேனரின் நீளத்தால் பெருக்கிக் கிடைப்பது இது. 40 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் முனையில் 20 கிலோ விசை கொடுத்தால் 8 கிலோகிராம்-மீட்டர். அதே நட்டில் ஒரு மீட்டர் குழாயைச் செருகி, 60 கிலோ எடையுள்ள ஒருவர் அதன் முனையில் ஏறி நின்றால் 60 கிலோகிராம்-மீட்டர், ஏழரை மடங்கு!

"இறுக்கமாக இருந்தால் நல்லதுதானே?" என்று கேட்கலாம். முறுக்கப்படும் போல்ட் ஒரு வில்சுருள் போலச் சிறிதே நீள்கிறது. அது மீண்டும் சுருங்க முயலும் விசைதான் இரு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. அளவுக்கு மேல் இழுத்தால் போல்ட் நிரந்தரமாக நீண்டு பலம் இழக்கும், மரை தேயும், சில வேளை முறிந்தும் போகும். அளவு குறைந்தால், அதிர்வில் நட்டு கழன்றுவிடும். ஆகவே சக்கர நட்டுகளை, கையேடு சொல்லும் அளவுக்கு, எதிரெதிராக மாற்றி மாற்றி, டார்க் ரெஞ்சினால் முறுக்க வேண்டும். அலகையும் கவனிக்க வேண்டும். ஒரு கிலோகிராம்-மீட்டர் என்பது 9.8 நியூட்டன்-மீட்டர், இரண்டையும் மாற்றிப் படித்தால் பத்து மடங்கு பிழை நேரும்.

கண்ணுக்குத் தெரியாத தேய்மானம்

உடையாத உறுப்பையும் மாற்றச் சொல்வது கையேட்டின் இன்னொரு வழக்கம். பிரேக் ஆயில் இதற்குத் தக்க சான்று. குப்பியில் அது குறையாமல் இருக்கிறது, பிரேக்கும் பிடிக்கிறது, பின் ஏன் மாற்ற வேண்டும்?

பெயரில் ஆயில் என்று இருந்தாலும் இது எண்ணெய் அன்று. காற்றின் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் இயல்புடைய திரவம். 'டாட் 3' எனப்படும் வகையின் கொதிநிலை, புதிதாக இருக்கையில் குறைந்தது 205° செல்சியஸ். சுமார் 3.7 சதவீதம் நீர் சேர்ந்த நிலையில் அதற்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்சம் 140° மட்டுமே. ஊட்டியிலிருந்து குடும்பத்தோடு மலை இறங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதிக்க, உராய்வு வெப்பம் திரவத்துக்கு ஏறுகிறது. ஈரம் சேர்ந்த திரவம் கொதித்து ஆவிக் குமிழிகள் உண்டாகின்றன. திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். மிதித்த பெடல் தரை வரை இறங்கும், வண்டி நிற்காது. சமவெளியில் ஓராண்டு முழுதும் குறையின்றி ஓடிய வண்டி, மிகவும் தேவைப்படும் அந்த ஒரு நிமிடத்தில் கைவிட்டுவிடும்.

'குறித்த காலத்தில் மாற்றுக' என்ற ஒற்றை வரிக்குப் பின்னால் இவ்வளவு காரணம் இருக்கிறது. குறிப்பிட்ட வகைக்குப் பதிலாக எஞ்சின் ஆயிலை ஊற்றினால், பிரேக்கின் ரப்பர் வளையங்கள் உப்பிக் கெட்டுப்போகும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

எல்லையும் தொடக்கமும்

கையேடு நூலேயன்றிக் கைப்பழக்கம் ஆகாது. கியர் பெட்டியைப் பிரிப்பதற்கும் பிரேக்கைப் பழுதுபார்ப்பதற்கும் அனுபவமுள்ள மெக்கானிக் வேண்டும். ஆயினும் கையேட்டைப் படித்தவர் அவரிடம், "அளவு எவ்வளவு காட்டியது? எல்லை எவ்வளவு?" என்று கேட்க முடியும். நல்ல மெக்கானிக் இந்தக் கேள்வியை வரவேற்பார்.

தொடங்குவோர் ஆயில் மட்டம், டயர் காற்று, பாட்டரி முனைகள், காற்று வடிகட்டி ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது; உறுதியான தாங்கிகளை வைத்த பிறகே கீழே செல்ல வேண்டும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் நிற்கும் நீர், மூடி திறந்த கணத்தில் கொதித்துப் பீறிடும்.

ஒரு குறிப்பேட்டையும் கையேட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். செய்த வேலை, தேதி, ஓடிய கிலோமீட்டர், அளந்த அளவு ஆகியவற்றை எழுதி வாருங்கள். முதல் நூல் வண்டி எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும்; இரண்டாவது அது எப்படி இருக்கிறது என்று சொல்லும். இரண்டையும் ஒப்பிடத் தெரிந்த வீட்டில், திருமணத்துக்குக் கிளம்பும் விடியற்காலையில் யாரும் ஊகித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.