கான்ஷியஸ் (ஆங்கிலச் சொல்)

கான்ஷியஸ் என்பது விழிப்பு, அறிதல், தன்னுணர்வு ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலப் பெயரடை ஆகும். இதன் பெயர்ச்சொல் கான்ஷியஸ்னஸ். தமிழில் இதற்கு நேரான ஒரே சொல் இல்லை. சுயநினைவு, உணர்வு, நனவு, பிரக்ஞை, தன்னுணர்வு எனப் பல சொற்கள் இடத்துக்கு ஏற்ப வழங்குகின்றன.

சொற்பிறப்பு

'உடன்', 'அறிதல்' என்று பொருள்படும் இரு இலத்தீன் கூறுகளிலிருந்து இச்சொல் பிறந்தது. மனச்சாட்சியைக் குறிக்கும் கான்ஷியன்ஸ் என்ற சொல்லுக்கும் இதுவே வேர். தமிழில் 'நனவு' பழஞ்சொல். திருக்குறளின் 122ஆம் அதிகாரத்தில் அது கனவுக்கு எதிரான விழிப்பு நிலையைக் குறிக்கிறது. இக்கால உளவியல் நூல்கள் நனவு மனம், நனவிலி மனம் என அச்சொல்லை விரித்துப் பயன்படுத்துகின்றன. 'பிரக்ஞை' வடமொழியிலிருந்து வந்தது.

பொருள்கள்

1. சுயநினைவுடன் இருத்தல்: அறுவை சிகிச்சைக்குப் பின் நோயாளி கண் விழித்துப் பேசுவது.
2. ஒன்றை உணர்ந்திருத்தல்: தன் குறையை உணர்ந்தவர்.
3. தெரிந்தே செய்தல்: யோசித்து எடுத்த முடிவு.
4. கூச்சம் அல்லது மிகுந்த அக்கறை: "கேமராவைப் பார்த்தா கான்ஷியஸ் ஆயிடுறான்", "ஹெல்த் கான்ஷியஸ்" என்பவை பேச்சு வழக்கு.

'விழிப்புணர்வு' பெரும்பாலும் அவேர்னஸ் என்ற சொல்லுக்கு வழங்குகிறது. டெங்கு விழிப்புணர்வு முகாம் என்பதை ஆங்கிலத்தில் சொல்லும்போது கான்ஷியஸ்னஸ் என்று சொல்வதில்லை.

சட்டத்தில்

மரண வாக்குமூலம் தொடர்பான வழக்குகளில் இச்சொல்லின் பொருளே விவாதத்துக்கு உள்ளானது. நோயாளி சுயநினைவுடன் இருந்தார் என்று மட்டும் மருத்துவர் சான்றளித்தால், அவர் தெளிந்த மனநிலையில் இருந்தார் என்று ஆகிவிடாது என 1999இல் பாபரம்பக ரோசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2002இல் லட்சுமண் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு இந்த நிலைப்பாட்டை மாற்றியது. வாக்குமூலம் கொடுப்பவர் தெளிவாக இருக்கிறார் என்று பதிவு செய்பவர் நிறைவடைந்தால், மருத்துவரின் சான்று இல்லை என்பதற்காகவே அதைத் தள்ள வேண்டியதில்லை என்று அந்த அமர்வு தீர்ப்பளித்தது.

மருத்துவத்தில்

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1974இல் உருவான கிளாஸ்கோ கோமா அளவுகோல், சுயநினைவை மூன்று வகையில் மதிப்பிடுகிறது: கண் திறத்தல் (4 புள்ளி வரை), பேச்சு (5 வரை), உடல் அசைவு (6 வரை). முழு மதிப்பு 15. மிகக் குறைந்தது 3. 8 அல்லது அதற்குக் கீழே இருந்தால் நிலை கடுமையானது.

தமிழ் வழக்கில் குழப்பம்

'நினைவு' என்பது ஞாபகத்தையும் சுயநினைவையும் குறிக்கும். "அவருக்கு நினைவில்லை" என்றால் மறந்துவிட்டார் என்றும் கொள்ளலாம், உணர்விழந்து கிடக்கிறார் என்றும் கொள்ளலாம். 'மயக்கம்' இன்னும் குழப்பமானது. "மயக்கமா வருது" என்பவர் தலைசுற்றலைச் சொல்கிறார். "மயக்கமா கிடக்கார்" என்றால் உணர்விழந்த நிலை.

திண்டுக்கல் மாவட்டம் கொடைக்கானல் மேல்மலையில் உள்ள கவுஞ்சி போன்ற ஊர்களில் இந்த வேறுபாடு உயிர் தொடர்பானது. அங்கிருந்து கொடைக்கானலுக்கு மலைப்பாதையில் நெடுந்தொலைவு வர வேண்டும். தமிழ்நாட்டில் 2008 முதல் இயங்கும் 108 ஆம்புலன்ஸ் சேவையை அழைப்பவர் "அப்பாவுக்கு மயக்கமா இருக்கு" என்று மட்டும் சொன்னால் நிலைமை புரியாது. "கூப்பிட்டால் கண் திறக்கிறாரா, பதில் சொல்கிறாரா, கிள்ளினால் அசைகிறாரா, மூச்சு சீராக இருக்கிறதா" என்ற நான்கையும் பார்த்தபடி சொன்னால் எந்தக் கலைச்சொல்லும் தேவையில்லை. உணர்விழந்தவரின் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றக் கூடாது. விழுங்க முடியாத நிலையில் அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும்.